இருநூற்றுப் பதினான்கு இடங்கள்

தம்பு செட்டித் தெரு, மூன்றாம் மாடி.
லிஃப்ட் என்று எழுதிய கதவுக்குப் பின்னால்
பழைய ஷிப்பிங் பில்களை அடுக்கியிருக்கிறார்கள்.
படியேறிய மூச்சு அடங்குமுன்
ஜமீலா சொன்னாள்:
"அவர் பேர் எங்கெங்க இருக்கோ
அங்கெல்லாம் எடுத்துடுங்க."

திரையில் ஒரு சாம்பல் பெட்டி.
ரெஜிஸ்ட்ரியைத் திருத்த
நிர்வாகி அனுமதிக்கவில்லை.

யார் நிர்வாகி?
"அவர்தான்."
கணக்கு முடித்த அன்று
பூட்டிவிட்டுப் போயிருக்கிறார்.
மேசைமேல் வைத்துப்போன சாவி
வாசல் கதவுக்கு மட்டும்.

ஸ்கூட்டர் சாவிக்கொத்தில் தொங்கும்
என் பென்டிரைவைக் கழற்றினேன்.
மூடி தொலைந்து வருஷமாகிறது,
பச்சை இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கும்.
அதற்குள் ஒரு சின்னக் கருவி.
இன்ஸ்டால் கேட்காது.
வந்த வீட்டில் செருப்பைக்கூடக் கீழே விடாமல்
கையில் பிடித்துக்கொண்டே நின்று
வேலை முடிந்ததும் கிளம்பிவிடும்.

முதலில் நகல்.
வாடிக்கையாளர் கடிகாரத்தைப் பார்த்தாலும்
முதலில் நகல்தான்.

பிறகு அந்தப் பூட்டைத் தேடினேன்.
ஒரு ஒன்று.
பூஜ்யமாக்கினேன்.
"இவ்ளோதானா?" என்றாள்,
கொஞ்சம் ஏமாந்த குரலில்.

தேடல் கட்டத்தில்
அரங்கண்ணல் என்று தட்டினேன்.
ஒன்றுமில்லை.
"இங்கிலீஷ்ல ஒரு என் குறைச்சுதான் எழுதுவார்."
குறைத்தேன்.
இருநூற்றுப் பதினான்கு இடங்கள்.

என்றோ நீக்கிய மென்பொருளின் முகவரியில் அவர்,
வீட்டை இடித்த பின்னும்
மாதாமாதம் வருகிற கரண்ட் பில் போல.
எஃப் மூன்று. அழி.
எஃப் மூன்று. அழி.
உள்ளே போகப் போக
கிளைக்குள் கிளை, அடைப்புக்குறிக்குள் எண்கள்,
எந்த மனிதரும் படிப்பதற்காக எழுதாத வரிகள்,
அவற்றின் நடுவே
ஒரு என் குறைந்த அந்தப் பெயர்.

கடைசியாகத் திறந்த கோப்புகளின் வரிசையில்
சுங்கவரிப் பட்டியல், திருத்தியது, மூன்று.
ஆபீஸ் வாடகை ஒப்பந்தம்.
எண்ணூர், முதல் கன்டெய்னர், போட்டோ.

நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்தாள்.
"அது திறக்குமா?"
பேர்தான் இருக்கு மேடம், படம் இல்ல.
மேலே ஃபேன் சுற்றுகிற சத்தம்.
கீழே யாரோ மீன்பாடி வண்டியை
பின்னுக்கு எடுக்கச் சொல்லித் திட்டுகிறார்கள்.
"சரி, அடுத்தது."

நூற்று அறுபத்தி எட்டாவது இடத்தில்
ஒரு பிரிண்டர்.
அரங்கு பிரிண்டர் என்று
அவரே பெயர் வைத்தது.
இதை எடுத்தால் ஆறு மேசையிலும்
மறுபடி இணைக்கணும், அரை நாள் ஆகும் என்றேன்.
துறைமுகத்தில் இரண்டு பெட்டி நிற்கிறது,
நாலு மணிக்குள் காகிதம் போக வேண்டும்.
"பிரிண்டர் இருக்கட்டும்" என்றாள்,
யாரையோ மன்னித்த மாதிரி இல்லை,
நாலு மணியை நினைத்துத்தான்.

கடைசிக்கு வைத்திருந்தது ஒன்று:
பதிவு செய்த உரிமையாளர்.
அழித்துவிட்டு, விரல்களைப் பலகைமேல் வைத்து,
உங்க பேர் போடட்டுமா என்றேன்.
"காலியா விடலாமா?"
விடலாம். மெஷின் ஓடும்.
"அப்ப விடுங்க."

ரீஸ்டார்ட்.
இத்தனை வருஷத்திலும்
இந்தக் கறுப்புத் திரை நேரத்தில் மட்டும்
எனக்கு வயிறு கொஞ்சம் இழுக்கும்.
புள்ளிகள் சுற்றின.
பிறகு நீலம்.

ஆயிரத்து இருநூறு ரூபாய்.
ரசீது அரங்கு பிரிண்டரிலிருந்து
சூடாக வந்தது.

பீச் ஸ்டேஷனில் தாம்பரம் வண்டி.
தொடையில் குத்துகிறது சாவிக்கொத்து.
அதில் காலையில் எடுத்த நகல்,
இருநூற்றுப் பதினான்கு இடத்திலும்
அவர் அப்படியே இருக்கிறார்.
யாருடைய நகலையும்
மூன்று மாதம் வைத்திருந்து அழிப்பேன்.
சிலர் கூப்பிடுவார்கள்,
பழையபடி ஆக்க முடியுமா என்று.

இதுவரை நாலு பேர்.
நாலு பேருமே
சவுண்ட் வரவில்லை என்றுதான் ஆரம்பித்தார்கள்.